படிக்கட்டுக்குக் கீழே ஒரு பேட்டரி

மிக்ஜாம் புயலின்போது சென்னை மடிப்பாக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. விடியும் முன்பே கரண்ட் போய்விட்டது. தெருவில் தண்ணீர் ஏறினால் யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாதென்று நிறுத்திவைப்பதுதான். அதில் எனக்குக் குறையே இல்லை. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று புரண்டு படுத்தேன். நாற்பதே நிமிடம். கீ கீ என்று கத்திவிட்டு அதுவும் நின்றது.

150 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் வகை பேட்டரி, 12 வோல்ட். பெருக்கினால் 1800 வாட் மணி. இரண்டு ஃபேன், மூன்று எல்.இ.டி. பல்பு எல்லாம் சேர்த்தாலும் 180 வாட்தான். வீணாவதைக் கழித்தாலும் ஏழு மணி நேரமாவது வந்திருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட்டரிக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று காட்டும் ஆறு மிதவைகளும் அடியில் கிடந்தன.

"டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துற பையன் கொரோனாவுக்கு அப்புறம் வரவே இல்லப்பா" என்றார் அம்மா.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளில் கேனோடு வருவானே, அவன்தான். அமெரிக்காவில் நான் இருக்கும் ஹூஸ்டனில் 2021 பிப்ரவரி உறைபனியில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த பிறகு, கேஸ் லைனில் ஓடும் ஜெனரேட்டர் வைத்தோம். கரண்ட் போன சில விநாடிகளில் தானே ஓடும், வாரம் ஒருமுறை தன்னைத்தானே சோதித்தும் கொள்ளும். அம்மா வீட்டில் அந்தச் சோதனையைச் செய்துவந்தது அந்தப் பையன். அவன் நின்றுபோனதை இத்தனை வருடம் நான் கேட்கவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மூன்று இரவு மெழுகுவத்தி. மோட்டார் ஓடாததால் சம்ப்பிலிருந்து வாளி வாளியாக நான்தான் இறைத்தேன். வெள்ளம் வாசல் படியோடு நின்றது, நல்லவேளை.

தண்ணீர் வடிந்ததும் பேட்டரிக் கடைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். மூடியைத் திறந்து காட்டினார். தகடுகள் காய்ந்து வெளியே தெரிந்தன. அன்றைக்கு எந்த விலை சொன்னாலும் கொடுத்திருப்பேன். அவரோ, "ஊத்தி ஒரு நாள் சார்ஜ் போடுங்க சார், தேறலன்னா மாத்திக்கலாம்" என்றார். தேறவில்லை. பழையதை எடுத்துக்கொண்டு, அதற்குரிய விலையைக் கழித்துப் புதியது வைத்தார். தரையில் வேண்டாமென்று, இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்பு ஸ்டாண்டும் அடித்துக் கொடுத்தார்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா போனைப் படிக்கட்டுக்குக் கீழே கொண்டுபோய், ஆறு மிதவைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்.