தாக்குவதற்கு லத்தீனில் எந்த வினை? ஒப்புக்னோவும் அதன் போட்டியாளர்களும்

லத்தீன் படிக்கத் தொடங்கியவரிடம் 'தாக்கு' என்பதற்கு என்ன வினை என்று கேட்டால், பெரும்பாலும் ஒப்புக்னோ என்றுதான் சொல்வார். அது ஒழுங்காக விகுதி ஏற்கும் முதல் வகை வினை, அதனால் தொடக்கப் பாடங்களுக்குத் தோதானது. (லத்தீன் அகராதிகளில் வினைகள் 'நான் தாக்குகிறேன்' என்கிற தன்மை ஒருமை வடிவில்தான் தலைச்சொல்லாக நிற்கும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.) சிக்கல் என்னவென்றால், திருடன் வழிப்போக்கன் மேல் பாய்ந்தாலும் நாய் கடிக்க வந்தாலும் மாணவர்கள் இதே வினையைப் போட்டுவிடுகிறார்கள். ரோமானியர் கையில் அரை டஜன் வினைகள் இருந்தன. யார் மேல், எப்படி, யார் பார்வையில் என்பதைப் பொறுத்து ஒன்றை எடுத்தார்கள்.

ஒப்புக்னோவின் சொந்த இடம் மதில். ஊர், கோட்டை, பாசறை என்று அரண் உள்ள எதையாவது தாக்கும்போது அதை மிஞ்ச வேறு வினை இல்லை. அதோடு எக்ஸ்புக்னோவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்னது தாக்குவது, பின்னது தாக்கிப் பிடித்தேவிடுவது. கி.மு. 57இல் காலியாவில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) சுவெஸ்ஸியோனெஸ் மக்களின் நோவியோடூனும் என்ற ஊருக்கு முன் நடந்ததைச் சீசர் ஒரே வாக்கியத்தில் சொல்கிறார். ஊரில் காவலர் இல்லை என்று கேள்விப்பட்டு, நடந்துவந்த கையோடு ஒப்புக்னோ செய்ய முயன்றார். அகழி அகலம், மதில் உயரம். காத்து நின்றவர்கள் சிலரே என்றாலும் எக்ஸ்புக்னோ செய்ய முடியவில்லை. முயற்சிக்கு ஒரு வினை, கிடைக்காமல் போன பலனுக்கு இன்னொன்று. அப்புறம் அவர் கூரைக் காப்புகளை மதிலருகே நகர்த்தி, மண்மேடு கொட்டி, கோபுரங்களை நிறுத்தியதைப் பார்த்து மிரண்ட ஊர்க்காரர்கள் தூது அனுப்பிச் சரணடைந்தார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்தப் பிரிவினை புதிதல்ல. உழிஞைத் திணையைச் சொல்லும்போது தொல்காப்பியம் அரணை 'முற்றலும் கோடலும்' என்று இரண்டாகத்தான் சொல்கிறது. சூழ்ந்து நிற்பது முற்றல், கைக்கொள்வது கோடல். லத்தீன் நடுவில் இன்னொரு படி வைக்கிறது. வெறுமனே சூழ்ந்து பட்டினி போடுவதற்கு ஒப்ஸிடெயோ, மதில் மேல் மோதுவதற்கு ஒப்புக்னோ, உள்ளே நுழைந்துவிட்டால் எக்ஸ்புக்னோ. ஒருவரை அரசியலிலோ வழக்கிலோ எதிர்த்துக் கிளம்புவதற்கும் ஒப்புக்னோ வரும். ஆனால் தெருவில் ஒருவன் மேல் பாய்வதற்கு அது பொருந்தாத வினை என்பது என் கருத்து.

மனிதர்களை, படைகளைத் தாக்குவதற்கு என் முதல் தேர்வு அக்ரெடியொர். ஒன்றை நோக்கி அடி எடுத்து வைப்பதுதான் இதன் அடிப்படை. அதனால் இதன் வீச்சு பெரிது. எதிரியை அக்ரெடியொர் செய்யலாம், ஒரு வேலையைத் தொடங்கலாம், ஒருவரிடம் பேச்சோடு நெருங்கலாம். ஸல்லஸ்ட் எழுதிய யுகுர்த்தா போர் வரலாற்றில், நுமிடிய அரசன் யுகுர்த்தா ரோமுக்குத் தூதர்களை அனுப்பும்போது, அங்கே உள்ள எல்லோரையும் 'பணத்தால் அக்ரெடியொர் செய்யுங்கள்' என்று சொல்லி அனுப்புகிறான். லஞ்சத்தோடு அணுகுவதும் ஒரு தாக்குதல்தான் என்பதை இந்த ஒரு வினையே சொல்லிவிடுகிறது. ஒப்புக்னோவை அங்கே வைத்தால் அந்த நெருங்கிப்போகும் சாயல் காணாமல் போய்விடும்.

இதற்கு நேர்ப் போட்டி அடொரியொர். அகராதி இரண்டுக்கும் 'தாக்கு' என்றே பொருள் தரும். ஆனால் இது 'எழு' என்ற வினையிலிருந்து வந்தது. படுத்துக் கிடந்தவன் திடீரென்று எழுந்து மேலே விழும் வேகம் இதில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட சீசர் எழுதிய காலியப் போர்க் குறிப்புகளின் முதல் புத்தகத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பகுதிகளை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

கி.மு. 58. காலிய இனத்தாரான ஹெல்வெஷியர் அராரிஸ் ஆற்றை, அதாவது இன்றைய பிரான்ஸின் சோன் நதியை, தெப்பங்களும் படகுகளும் கட்டிக் கடந்துகொண்டிருக்கிறார்கள். நான்கில் மூன்று பங்கினர் அக்கரை போய்விட்டார்கள். மிச்சமிருந்த டிகுரினி பிரிவின் மேல் சீசர் இரவின் மூன்றாம் சாமத்தில் மூன்று லெஜியன் படைப்பிரிவுகளோடு கிளம்பி வந்து விழுகிறார். மூட்டை முடிச்சோடு திணறிக்கொண்டு, எதையும் எதிர்பாராமல் இருந்தவர்களை 'அக்ரெஸ்ஸுஸ்' (அக்ரெடியொரின் எச்ச வடிவம்), பெரும்பகுதியை வெட்டி வீழ்த்தினேன் என்கிறது அவருடைய விவரிப்பு (தன்னைப் படர்க்கையில்தான் எழுதுவார்). அடுத்த பகுதியில் ஹெல்வெஷியத் தூதுக்குழுவின் தலைவர் டிவிகோ வருகிறார். கி.மு. 107இல் காஸியஸின் ரோமானியப் படையை முறியடித்த போரில் அவர்தான் தலைவர். அவர் பேச்சில் அதே சம்பவம் வேறு வினைக்கு மாறுகிறது: ஆற்றைக் கடந்தவர்கள் உதவிக்கு வர முடியாத நேரம் பார்த்து, எதிர்பாராமல் ஒரு பிரிவை 'அடொரியொர்' செய்ததால் உம் வீரத்தைப் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர். அதோடு, வஞ்சகத்தையும் பதுங்கல்களையும் நம்பாமல் வீரத்தால் போரிடத்தான் எங்கள் முன்னோரிடம் கற்றோம் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

எதிரி எதிர்பார்க்கவில்லை என்பதைச் சீசரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் தன் பெயருக்கு அருகில் அவர் வைத்தது அடியெடுத்து வைக்கும் வினை. பதுங்கிப் பாயும் வினை எதிராளியின் வாயில் இருக்கிறது. இரண்டு பகுதிகளையும் எழுதியவர் ஒருவரே என்பதால், இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அடொரியொர் எல்லா இடத்திலும் பழிச்சொல் அல்ல, உண்மைதான். ஆனால் 'திடீரென', 'பின்னாலிருந்து' போன்ற சொற்கள் வாக்கியத்தில் வருமானால் அதை எடுப்பது நல்லது.

இரண்டும் டெப்போனென்ட் வினைகள். வடிவம் செயப்பாட்டுவினை, பொருள் செய்வினை. மாணவர்கள் அஞ்சுவது இதற்குத்தான், ஆனால் லாபமும் இங்கேதான் இருக்கிறது. சாதாரண லத்தீன் வினைகளில் நம் 'தாக்கி', 'வெட்டி' போன்ற இறந்தகாலச் செய்வினை எச்சம் கிடையாது. ஒப்புக்னாட்டுஸ் என்றால் 'தாக்கப்பட்ட' என்றுதான் பொருள். அக்ரெஸ்ஸுஸ் என்றாலோ அப்படியே 'தாக்கி'. சீசரின் வாக்கியம் அவ்வளவு சுருக்கமாக ஓடுவதற்கு இந்த வடிவம் பெரிய காரணம். நட்டமும் உண்டு: 'தாக்கப்பட்டான்' என்று எழுத வேண்டுமானால் இந்த இரண்டும் பொதுவாகக் கைகொடுக்காது.

அந்த இடத்தை நிரப்பக்கூடியது பெட்டோ. இதற்கு நாடு, தேடு, கேள், குறிவை என்று பல பொருள்கள் உண்டு. நாம் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும் பெட்டிஷன் ஆங்கிலம் வழியாக வந்த இதன் வாரிசுதான். எது பொருள் என்பதை வேற்றுமை தீர்மானிக்கிறது. 'மார்க்கும் பெட்டோ' என்று இரண்டாம் வேற்றுமையில் வந்தால் மார்க்கஸைக் குறிவைக்கிறேன். 'ஆ மார்க்கோ பெட்டோ' என்றால் மார்க்கஸிடம் வேண்டுகிறேன். வாள், ஈட்டி, கல் என்று கருவியும் கூடவே இருந்தால் குழப்பமே வராது. கி.மு. 44 மார்ச் 15 அன்று சீசர் விழுந்ததை எழுதும் சூட்டோனியஸ் இதைத்தான் செயப்பாட்டில் வைக்கிறார்: உருவிய குறுவாள்களோடு எல்லாப் பக்கமும் தான் குறிவைக்கப்படுவதைக் கண்டதும் அவர் டோகா என்ற மேலாடையால் தலையை மூடிக்கொண்டார். அத்தனை கத்தியும் ஒரே உடலை நோக்கி வரும் காட்சிக்கு ஒப்புக்னோ எடுபடாது. கி.மு. 63இல், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த காட்டிலைனுக்கு எதிரான முதல் உரையில் சிஸெரோ இந்த வினையின் பெயர்ச்சொல்லான பெட்டிஷியோவை வாள்குத்து என்ற பொருளில் ஆள்கிறார்: தப்பவே முடியாததுபோல் வந்த உன் குத்துகள் எத்தனையிலிருந்து உடலைச் சற்றே சாய்த்துத் தப்பினேன் என்கிறார். தேர்தலில் பதவி கேட்டு நிற்பதற்கும் அதே பெட்டிஷியோதான். காட்டிலைன் அந்த ஆண்டுதான் கான்சல் (ரோமின் தலைமைப் பதவி) தேர்தலில் நின்று தோற்றிருந்தான்.

இன்வாடோ உள்ளே புகுவது. படை நாட்டுக்குள் புகுவதற்கும் வரும். ஆனால் ஆசை, நோய், அச்சம் ஒருவரைப் பீடிப்பதைச் சொல்லும்போதுதான் இதன் முழு பலம் தெரியும். ஆட்சியைப் பிடிக்கும் வெறி காட்டிலைனை இன்வாடோ செய்தது என்கிறார் ஸல்லஸ்ட். லக்கெஸ்ஸோ சீண்டுவது, வம்புக்கு இழுப்பது. அராரிஸ் கரைச் சம்பவத்துக்குப் பின் ஹெல்வெஷியர் தங்கள் பின்படையை நிறுத்தி நிறுத்தி ரோமானியரைச் சீண்டியபோது சீசர் பயன்படுத்தியது இதைத்தான். முழுத் தாக்குதலுக்கு இது பற்றாது.

சரி, டெப்போனென்ட் வினைகளைப் பார்த்து அஞ்சும் தொடக்க மாணவருக்கு என்ன வழி? ஒப்புக்னோவுக்குப் பதிலாக 'இம்பெட்டும் ஃபாக்கியோ' என்ற தொடரைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பேன். 'பாய்ச்சல் செய்கிறேன்' என்பது போன்ற அமைப்பு. எதிரியை 'இன்' என்ற முன்னிடைச்சொல்லோடு இரண்டாம் வேற்றுமையில் வைத்தால் போதும். பிப்ராக்டே போரில், மேட்டிலிருந்து ஈட்டி எறிந்து ஹெல்வெஷியரின் அணியை உடைத்த வீரர்கள் வாளை உருவிப் பாய்ந்ததைச் சீசர் இந்தத் தொடரால்தான் சொல்கிறார். செயப்பாட்டிலும் இது சிக்கல் தராது. அந்தப் போருக்குச் சற்று முன், குன்றைப் பிடித்திருந்த சீசரின் துணைத்தளபதி லாபியேனஸ் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் எதிரி மேல் 'இம்பெட்டுஸ்' நிகழ வேண்டும் என்பதற்காகச் சண்டையைத் தொடங்காமல் காத்திருந்தார். உளவு பார்க்கப் போன கன்ஸிடியஸ், குன்றின் மேல் இருப்பது காலியர்தான் என்று தவறாகச் சொன்னதால் அன்றைக்கு அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை.