கங்காரு தீவில் ஒரு நாள்: பார்ண்டானா பூங்காவா, ஃபிளிண்டர்ஸ் சேஸ் காடா?

தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து கங்காரு தீவுக்குப் போக ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் எங்கே போவது? தீவின் நடுவில் பார்ண்டானா ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்தும் விலங்குப் பூங்கா இருக்கிறது. மேற்கு முனையில் அரசின் ஃபிளிண்டர்ஸ் சேஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. இரண்டுமே தீயைப் பார்த்தவை. காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப வேண்டுமென்றால், இரண்டையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

2019 டிசம்பரில் மின்னலால் பற்றிய தீ 2020 ஜனவரி 3 அன்று கட்டுமீறியது. அது அடங்குவதற்குள் இரண்டு லட்சம் ஹெக்டேருக்கும் மேல், அதாவது தீவின் பாதியளவு, எரிந்துபோனது. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஃபிளிண்டர்ஸ் சேஸ் கிட்டத்தட்ட முழுவதும் கருகி, அதன் பார்வையாளர் மையமும் சாம்பலானது. பார்ண்டானா பூங்கா தப்பித்தது. ஆனால் தீக்காயம் பட்ட கோவாலாக்கள் எல்லாத் திசையிலிருந்தும் அங்கேதான் வந்து சேர்ந்தன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் போகிறவர்கள் யோசிக்காமல் பார்ண்டானாவுக்குப் போகலாம். ஒரு காடு எப்படி மீள்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஃபிளிண்டர்ஸ் சேஸ்தான்.

பார்ண்டானாவில் என்னை ஈர்ப்பது அந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு. சாம், டானா மிட்செல் என்ற இளம் தம்பதியர் நடத்திவந்த சாதாரண சுற்றுலாப் பூங்கா, சில நாட்களில் மருத்துவமனையாக மாறியது. கால்நடை மருத்துவர்களும் தன்னார்வலர்களும் வந்து குவிந்தார்கள். வெந்த பாதங்களுக்கு மருந்திட்டுக் கட்டினார்கள். ராணுவ வீரர்கள் வேலிக்குள் கோவாலாக்கள் ஏறி உட்கார மரச்சட்டங்கள் அமைத்துக் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான கோவாலாக்கள் அங்கே சிகிச்சைக்கு வந்தன, எல்லாம் பிழைக்கவில்லை. உலகெங்கும் இருந்து மக்கள் பணம் அனுப்பினார்கள். இன்று அங்கே நாம் கொடுக்கும் நுழைவுக் கட்டணம், விலங்குகளின் தீவனத்துக்கும் பராமரிப்புக்கும் பொறுப்பேற்றிருக்கும் ஒரு குடும்பத்தின் கைக்கு நேராகப் போகிறது. ஃபிளிண்டர்ஸ் சேஸுக்குப் பின்னால் அரசு இருக்கிறது. இந்தக் குடும்பத்துக்கோ, பார்க்க வருகிறவர்கள்தான் பெரிய பலம். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

அப்புறம், கங்காருகளுக்குக் கையால் தீனி கொடுக்கலாம். கோவாலாவை அருகிலிருந்து பார்க்கலாம். அதிகம் நடக்கவும் வேண்டாம்.

ஆனால் பார்ண்டானாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு தவறான எண்ணம் தங்கிவிடும். கோவாலா இந்தத் தீவுக்குரிய விலங்கே அல்ல. 1920களில் விக்டோரியாவிலிருந்து 18 கோவாலாக்களைக் கொண்டுவந்து ஃபிளிண்டர்ஸ் சேஸில்தான் விட்டார்கள். அவை மரங்களையே மொட்டையாக்கும் அளவுக்குப் பெருகியதால், 1990களின் பிற்பகுதியிலிருந்து கருத்தடை செய்ய வேண்டியதாயிற்று. தீக்கு முன்பு அவற்றின் எண்ணிக்கை சுமார் 50,000 என்று மதிப்பிட்டிருந்தார்கள். தீயில் நிஜமாகவே ஆபத்துக்குள்ளானவை வேறு. இத்தீவில் மட்டுமே வாழும், எலி அளவுகூட இல்லாத கங்காரு தீவு டன்னார்ட் என்ற பூச்சியுண்ணியின் வாழிடத்தில் பெரும்பகுதி கருகியது. பளபளப்புக் கருங்காக்கட்டூ சவுக்கு இனத்து மரமொன்றின் விதைகளையே நம்பி வாழும் பறவை. எரிந்த இடத்தில் முளைக்கும் கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இதெல்லாம் வேலிக்குள் தெரியாது. அதற்காகக் கோவாலாக்களைக் காப்பாற்றியது வீண் என்று நான் சொல்லமாட்டேன். வலியில் துடிக்கும் விலங்கிடம் பூர்விகம் கேட்க முடியாது. அதோடு, பெருநிலத்து கோவாலாக்களை வாட்டும் கிளமிடியா நோய் இத்தீவுக் கூட்டத்தில் இல்லை என்பதும் சின்ன விஷயமல்ல.

ஃபிளிண்டர்ஸ் சேஸில் விலங்கு கண்ணில் படுமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். ஆனால் காடு கட்டாயம் கண்ணில் படும். மல்லீ (mallee) எனப்படும் குட்டை வகை யூகலிப்டஸ் மரங்கள் அடிக்கட்டையிலிருந்து புதராகத் துளிர்த்து நிற்கின்றன. செத்த வெள்ளைக் கொம்புகள் அவற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. யக்கா என்ற புல்மரம் தீ பட்ட பிறகுதான் ஈட்டி போன்ற பூந்தண்டுகளைக் கூட்டமாக நீட்டும். முன்பு மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்த நிலத்தின் மேடுபள்ளம் தீக்குப் பிறகு வெளியே தெரியவந்தது. கடலோரத்தில் ரிமார்க்கபிள் ராக்ஸ் என்ற கருங்கல் பாறைகளும், அட்மிரல்ஸ் ஆர்ச் என்ற பாறை வளைவின் அடியில் படுத்திருக்கும் நீள்மூக்கு ரோமச் சீல்களும் கூடுதல் வரவு. சிரமம் என்னவென்றால் தூரம். படகு வந்து சேரும் பென்னஷா கிழக்கு முனை. ஃபிளிண்டர்ஸ் சேஸோ எதிர்முனை. போக மட்டுமே இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும்.

தெற்குக் கரையில் சீல் பே இருக்கிறது. ஆஸ்திரேலியக் கடற்சிங்கங்களைக் கடற்கரையிலேயே வழிகாட்டியோடு பார்க்கலாம். அருமையான இடம், ஆனால் தீயின் கதை அங்கே இல்லை.

சிட்னிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி, பேட்மன்ஸ் பே அருகே இருக்கும் மோகோ விலங்குப் பூங்கா. 2019 டிசம்பர் 31 அன்று தீ சூழ்ந்தபோது ஊழியர்கள் வெளியேறாமல் நின்று விலங்குகள் அத்தனையையும் காப்பாற்றினார்கள். குடும்பம் தொடங்கிய பூங்காதான். தீக்கு முன்பே நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறிவிட்டது. சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று வெளிநாட்டு விலங்குகள் பார்க்க நன்றாக இருக்கும். எரிந்த நிலத்தின் சொந்த உயிர்கள் வேண்டுமென்றால் தீவுக்குத்தான் போக வேண்டும்.

சரி, ஒரு இரவு தங்க முடிந்தால் பிரச்சினையே இல்லை. முதல் நாள் பார்ண்டானா, மறுநாள் விடிந்ததும் ஃபிளிண்டர்ஸ் சேஸ். எப்படியானாலும் பொழுது சாய்வதற்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள். கங்காருகளும் அவற்றின் சிறிய உறவினமான வாலபிகளும் அந்தி நேரத்தில்தான் சாலைக்கு வரும். வாடகைக் கார் எடுக்கும்போது இரவு ஓட்டினால் காப்பீடு செல்லுமா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.