ஏடிஎச்டி: மூளைப் பயிற்சியா, மாத்திரையா?

பிள்ளைக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு) என்று மருத்துவர் சொன்ன கையோடு வாட்ஸ்அப்பில் ஆலோசனை குவியத் தொடங்கும். மாத்திரை பக்கமே போகாதே என்பார் சித்தி. நியூரோஃபீட்பேக் செய்தால் மூளை தன்னைத் தானே சரிப்படுத்திக்கொள்ளும் என்பார் டியூஷன் வாசலில் பழகிய இன்னொரு அம்மா. சிங்கப்பூரில் இரண்டுமே கிடைக்கின்றன, குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

நியூரோஃபீட்பேக் என்பது மூளையின் மின்னலைகளை அளந்து, உடனுக்குடன் திரையில் காட்டிப் பழக்கும் பயிற்சி. மூளைக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லை. காதில் ஒரு கிளிப், உச்சந்தலையில் பசை தடவி ஒட்டிய மின்முனை, எதிரே ஒரு திரை, அதில் ஓடும் கார். மந்தமான தீட்டா அலை (வினாடிக்கு 4 முதல் 8 முறை வரை) கூடினால் கார் தடுமாறும், வேகமான பீட்டா கூடினால் பாயும். எப்படி ஓட்டுவது என்று யாராலும் சொல்லித்தர முடியாது. கார் ஓடுகிற நிலையை மூளையே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்து, மறுபடி மறுபடி அங்கே போய்ப் பழகுகிறது. நல்ல பயிற்சியாளர் திரையோடு பிள்ளையின் தாடையையும் கவனிப்பார். பல்லைக் கடித்தால் தசையின் மின்சாரம் பீட்டா போலவே பதிவாகி, கார் பறக்கும். சுட்டிப் பிள்ளைகள் இந்தக் குறுக்குவழியைச் சீக்கிரமே பிடித்துவிடுவார்கள்!

இதைச் சும்மா கதை என்று தள்ளிவிட முடியாது. 1960களில் அமெரிக்காவில் பேரி ஸ்டெர்மன் என்ற மூளை ஆய்வாளர் தம் ஆய்வகப் பூனைகளை வினாடிக்கு 12 முதல் 15 முறை வரையான அலையைக் கூட்டப் பழக்கினார். பிறகு வலிப்பை உண்டாக்கும் ராக்கெட் எரிபொருளான மோனோமெத்தில்ஹைட்ரசினைக் கொடுத்துப் பார்த்தபோது, பழகிய பூனைகள் வலிப்பை மற்ற பூனைகளைவிட நன்றாகத் தாங்கின. சிகிச்சை மீது பூனைக்கு நம்பிக்கை இருந்திருக்காது, அதனாலேயே இந்தச் சோதனை எனக்குப் பிடிக்கும்.

பிள்ளைக்கு நம்பிக்கை இருக்கும், பணம் கட்டிய பெற்றோருக்கு அதைவிட அதிகமாக. அமெரிக்காவில் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒரு பிரிவுக்கு அவரவர் மூளை அலை, இன்னொரு பிரிவுக்கு அதே போலத் தெரியும், ஆனால் அவர்கள் மூளையோடு தொடர்பில்லாத பொய்த் திரை. எது யாருக்கு என்று பெற்றோருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பிரிவுமே நன்றாக முன்னேறின, இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்படியானால் பலன் எங்கிருந்து வந்தது? பொறுமையாக ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தது, ஒழுங்காகப் போய் வந்தது, கிடைத்த பாராட்டு என்று பலவற்றைச் சொல்லலாம். அலைக்குத்தான் அந்தப் பெருமை என்று சொல்ல முடியவில்லை.

நம் ஊரிலேயே உருவான ஒன்றும் உண்டு. தலைப்பட்டை அணிந்து கவனத்தாலேயே பாத்திரத்தை ஓடவைக்கும் 'கோகோலேண்ட்' விளையாட்டு. அதைச் சோதித்த ஆய்வில் 172 பிள்ளைகள், வாரம் மூன்று முறை, எட்டு வாரம். மருத்துவர் மதிப்பீட்டில் கவனக்குறைவுப் புள்ளி 3.5 குறைந்தது, காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்கு 1.9. பசை, கம்பித் தொல்லை இல்லை, பிள்ளைகளும் அடம்பிடிக்காமல் உட்காருவார்கள். ஆனால் ஒப்பிட்டது சும்மா காத்திருந்தவர்களோடு, பொய்த் திரையோடு அல்ல. அந்த வித்தியாசத்தை விளம்பரத்தில் தேடினால் கிடைக்காது.

மாத்திரை என்றால் பெரும்பாலும் மெதில்ஃபெனிடேட் என்ற மருந்துதான். அதன் சாதாரண வடிவமான ரிட்டலின் நாலு மணி நேரம் போல வேலை செய்யும், மெதுவாக வெளியாகும் கான்செர்ட்டா சுமார் 12 மணி நேரம். வேலை செய்கிறதா என்பது சில நாளிலேயே தெரியும், சான்றுகளும் இதற்குத்தான் வலுவாக உள்ளன. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், எடையையும் உயரத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்து இறங்கியதும் பலனும் இறங்கிவிடும். பயிற்சி நிலைத்து நிற்கும் என்ற பேச்சு பெற்றோரை இழுப்பது இதனால்தான், அதில் அவர்கள் மேல் தப்பில்லை. மூச்சுப் பயிற்சி, நீச்சல் எல்லாம் நல்லதே, ஆனால் மருந்துக்கு மாற்றாகாது.

என்னைக் கேட்டால், முதலில் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பாருங்கள். மருந்தும், பிள்ளையின் நடத்தையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சியும் சேர்ந்தே நடக்கட்டும். தலைப்பட்டை விளையாட்டு பிள்ளைக்குப் பிடித்தால் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். நிலையத்துக்குப் போகும் நியூரோஃபீட்பேக் கடைசி, அதுவும் மருந்தை நிறுத்தாமல், கையில் உபரிப் பணம் இருந்தால் மட்டும். 30, 40 அமர்வுக்கு மொத்தமாகக் கட்டச் சொன்னால், பத்தாவது அமர்வில் யார், எதை வைத்து முன்னேற்றத்தை அளப்பீர்கள் என்று கேளுங்கள். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) ஆண்டில் வாரம் மூன்று மாலை இதற்குப் போனால் வீட்டுப்பாடம் எப்போது என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.