ஸ்மோக்கி மலைகளில் 72 மைல்: எந்த பெர்மிட் நமக்கு?

அமெரிக்காவின் நெடுந்தூர மலை நடைபாதையான அப்பலாச்சியன் டிரெயிலை ஒரே மூச்சில் முடிப்பவர்களைவிட, வருடத்துக்கு ஒரு துண்டு என்று நடப்பவர்களே அதிகம். அப்படி நடப்பவர்கள், அந்தப் பாதை கடந்துபோகும் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவின் வாசலுக்கு வந்ததும் கொஞ்சம் திணறுவார்கள். தெற்கே ஃபான்டானா அணையிலிருந்து வடக்கே டேவன்போர்ட் கேப் (கேப் என்றால் கணவாய்) வரை ஏறத்தாழ 72 மைல். இந்தத் தூரத்தில் எங்கே இரவு தங்கினாலும் பெர்மிட் வேண்டும். பெர்மிட்டில் இரண்டு வகை உண்டு: நெடுந்தூரம் நடப்பவர்களுக்கான த்ரூ-ஹைக்கர் பெர்மிட், மற்ற எல்லோருக்குமான பொது பெர்மிட்.

பணத்தை வைத்து முடிவெடுக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். த்ரூ-ஹைக்கர் பெர்மிட் 40 டாலர். பொது பெர்மிட் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 8 டாலர், உச்சவரம்பு 40 டாலர். ஐந்து இரவு தங்கினால் இரண்டும் ஒரே விலை. ஆறாவது இரவு ஓசி. ஆகவே பணத்தை மறந்துவிடலாம். எந்த இரவு எங்கே படுப்போம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

த்ரூ-ஹைக்கர் பெர்மிட்டில் அந்தத் தலைவலி இல்லை. எடுத்த நாளிலிருந்து 38 நாள் செல்லும். அதற்குள் உள்ளே நுழைந்து எட்டு நாளில் வெளியேற வேண்டும். மழை பிடித்தால் முன்னால் வரும் ஷெல்டரிலேயே (பாதையோரக் கூரைக் குடில்) நின்றுகொள்ளலாம். ஷெல்டர் நிரம்பியிருந்தால் பக்கத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஆனால் உள்ளே படுத்திருக்கும்போது முன்பதிவு செய்தவர் வந்து நின்றால், இடத்தை விட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டியதும் நீங்கள்தான்.

இவ்வளவு வசதி இருக்கிறதே, நாமும் இதையே எடுத்தால் என்ன? விதி இடிக்கிறது. பூங்கா எல்லைக்கு வெளியே குறைந்தது 50 மைல் தள்ளித் தொடங்கி, மறுபக்கமும் 50 மைல் தள்ளி முடிக்க வேண்டும். உள்ளே அப்பலாச்சியன் டிரெயிலை விட்டு வேறு பாதைக்குப் போகக் கூடாது. தெற்கே ஃபிராங்க்ளின் ஊருக்கு அருகிலுள்ள வைண்டிங் ஸ்டேர் கேப்பில் தொடங்கினால் கணக்கு சரியாகிவிடும். வடக்கே பலரும் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் முடிக்கத் திட்டமிடுவார்கள். அது எல்லையிலிருந்து சுமார் 35 மைல்தான், போதாது. சாம்ஸ் கேப் வரை போனால் கவலையில்லை, ஆனால் மொத்த நடை 200 மைலைத் தாண்டிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் விடுப்பு கிடைக்கிறவர் இதைத் தாராளமாக எடுக்கட்டும். ஒரு வாரம் மட்டும் உள்ளவர் "யார் வந்து கேட்கப் போகிறார்கள்" என்று இதை வாங்குவது எனக்குப் பிடிக்காத காரியம். நாளை ஷெல்டர் வாசலில் ரேஞ்சர் (பூங்காக் காவலர்) எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

சரி, பொது பெர்மிட்டுக்கு வருவோம். 30 நாள் முன்பிருந்து இணையத்தில் பதியலாம். ஒவ்வோர் இரவுக்கும் இடத்தைக் குறிப்பிட வேண்டும். ஒரே ஷெல்டரில் அடுத்தடுத்து இரண்டு இரவு தங்க முடியாது, கட்டிய பணம் திரும்பாது. ஷெல்டர் பக்கத்தில் கூடாரம் போடும் சலுகை நமக்கு இல்லை. ஷெல்டர்களுக்கு இடையே பெரும்பாலும் மூன்று முதல் எட்டு மைல் இடைவெளி. முதல் நாளே கணக்கு தப்பினால் மீதி நாள்கள் எல்லாம் சரியும். ஃபான்டானாவிலிருந்து மோலீஸ் ரிட்ஜ் ஷெல்டருக்குச் சுமார் 11 மைல், கிட்டத்தட்ட முழுக்க ஏற்றம். முழுப் பாரத்தோடு முதல் நாளே அதை ஏறுகிறேன் என்று பதிபவர்கள் பாதி வழியிலேயே வருந்துவார்கள். அதைவிட சுமார் ஐந்து மைலில் வரும் பிர்ச் ஸ்பிரிங் கேப் நல்லது. பூங்காவுக்குள் இந்தப் பாதையோரம் கூடாரம் போட இருக்கும் ஒரே முகாம் அதுதான்.

ஒரே பொது பெர்மிட்டாக எடுக்காமல், நியூஃபவுண்ட் கேப்பில் வெட்டி இரண்டாக எடுப்பது மூன்றாவது வழி. என் ஓட்டு இதற்குத்தான். அங்கே 441ஆம் எண் சாலை பாதையைக் குறுக்கே கடக்கிறது, இறங்கினால் கேட்லின்பர்க். முதல் பாதிக்கு பிர்ச் ஸ்பிரிங், ஸ்பென்ஸ் ஃபீல்ட், சைலர்ஸ் பால்ட் என்று மூன்று இரவு. நான்காம் நாள் 6,643 அடி உயரமுள்ள குவோஹியைக் கடந்து சாலைக்கு வந்துவிடலாம் (2024 வரை கிளிங்மன்ஸ் டோம் என்று எழுதினோமே, அதே சிகரம்). ஊரில் ஒரு குளியல், சூடான சாப்பாடு, உணவு நிரப்பல். மறுநாள் காலை கிளம்பினால் கூட்டம் மொய்க்கும் ஐஸ்வாட்டர் ஸ்பிரிங் ஷெல்டரைத் தாண்டி பெக்ஸ் கார்னரில் படுக்கலாம், அடுத்த இரவு காஸ்பி நாப். மூன்று இரவுக்கு 24, இரண்டு இரவுக்கு 16, கூட்டினால் அதே 40 டாலர். முழங்கால் முரண்டு பிடித்தால் இரண்டாம் பாதியின் 16 டாலர் மட்டும்தான் போகும். முதல் பாதியை முடித்த பிறகே இரண்டாவதைப் பதிவது இன்னும் பாதுகாப்பு, ஆனால் வார இறுதியில் இடம் கிடைக்காமல் போகலாம்.

குளிர்காலத்தில் மட்டும் இந்த வழி உதைக்கும். பனி விழுந்தால் 441 சாலையை மூடிவிடுவார்கள், குவோஹிக்குப் போகும் சாலையும் டிசம்பர் முதல் மார்ச் வரை திறப்பதில்லை. மலைமேல் நின்றுகொண்டு வண்டிக்குக் காத்திருப்பதைவிட அப்போது ஒரே பெர்மிட்டில் போவது மேல்.

பெர்மிட்டே வேண்டாம், பகல் நடையாகவே முடிக்கிறேன் என்பவர்களும் உண்டு. நியூஃபவுண்ட் கேப்பைச் சுற்றி அது நடக்கும். அங்கிருந்து மேற்கே குவோஹிவரை எட்டு மைல்தான். அதற்கு மேல் ஃபான்டானாவரை சாலையே குறுக்கிடாது. கிளைப்பாதை ஏறி இறங்கியே கால் ஓய்ந்துவிடும்.

எதை எடுத்தாலும் பெர்மிட்டைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் போன் உயிரை விடும். வண்டி நிறுத்த வேண்டியிருந்தால் அதற்கான பார்க்கிங் டேக் தனிச் செலவு, வாரத்துக்கு 15 டாலர். டேவன்போர்ட் கேப்பில் மட்டும் இரவில் வண்டியை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் பிக் கிரீக்கில் விடுவதே வழக்கம்.