தாண்டிக்குடியில் இரண்டு அறுவடை: காபித் தோட்டத் தரவு ஆப், என் அனுபவம்

பண்ணைக்காட்டு நண்பர் நேற்று போனில் கேட்டார்: "நீங்க வச்சிருக்கிற ஆப்புக்குச் சந்தா குறைச்சிருக்காங்களாமே, நாங்களும் போட்டுடலாமா?" போனில் சொன்னது பாதி. மீதி இங்கே.

விற்பவர்கள் இதை 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' என்கிறார்கள், அதாவது ஒரு பொருள் எங்கிருந்து, எப்படி வந்தது என்று சொல்லும் மின்பதிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பொருள் பாஸ்போர்ட்டுக்கான சட்டத்தில் உணவுப்பொருள் சேராது. காபிக்கு நிலத் தரவு கேட்பது அவர்களுடைய காடழிப்புத் தடுப்புச் சட்டம்: விளைந்த நிலம் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்து உண்டாக்கியதல்ல என்று அங்குள்ள இறக்குமதியாளர் காட்ட வேண்டும். அமல் தேதி இரண்டு முறை தள்ளிப்போனாலும் எங்களிடம் வாங்குபவர்கள் தரவை இப்போதே கேட்கிறார்கள்.

பதிவு வேலையில் ஆப்பைக் குறை சொல்ல மாட்டேன். டவர் இல்லாத சரிவிலும் எல்லையை நடந்து பதியலாம், ஊருக்குள் வந்ததும் தானே ஏறிவிடும். கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி பங்கைத் தனித்தனியாக வைக்கலாம். மூட்டையில் ஒட்டிய க்யூஆரை ஸ்கேன் செய்தால் யார் யார் தோட்டத்துப் பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி உமியோடு காயவைத்த காபிக்கொட்டை) என்று வந்துவிடும். முதல் வருஷம் இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இடம் மாறி, எங்கள் தோட்டங்கள் நார்வேக்கு வடக்கே கடலில் விழுந்தன. சொன்னதும் இரண்டே நாளில் சரிசெய்தார்கள்.

அப்படிப்பட்டவர்கள் ஒரு பூஜ்ஜியத்தை இன்னும் சரிசெய்யவில்லை.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமப் புள்ளிக்குப் பின் குறைந்தது 6 இலக்கம் வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. ஆப்பில் 10.308420 என்று சரியாகத்தான் தெரிகிறது. எக்செலில் இறக்கினால் 10.30842. ஐந்து இலக்கம்தான் இருக்கிறது என்று ஏற்றுமதியாளரின் சிஸ்டம் திருப்பி விடுகிறது. ஒரு வரி திரும்பினால், சேர்த்து அனுப்பும் அந்த லாட் முழுதும் நிற்கும். இரண்டு எண்ணில் ஏதாவது ஒன்று பூஜ்ஜியத்தில் முடிவது பத்துத் தோட்டத்தில் ஏறக்குறைய இரண்டுக்கு நடக்கும். ஆறாவது இலக்கம் என்பது தரையில் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். சில்வர் ஓக் நிழலில் என் போனே சில மீட்டர் தள்ளித்தான் காட்டுகிறது. ஆனாலும் அந்த இலக்கம் இல்லாமல் பணம் வராது.

மார்ச்சில் ஒரு பாட்டி பட்டாவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தார். இரண்டு ஏக்கர்க்காரர். "பட்டா சரியாத்தானே இருக்கு தம்பி, எனக்கு மட்டும் ஏன் இன்னும் பணம் வரல?" பட்டாவில் ஒரு குறையும் இல்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து நாற்பத்தேழு வரியையும் கையால் திருத்தினேன்.

ஆப் நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். "எண்ணின் மதிப்பு மாறவில்லையே" என்று பதில். கணக்குக்கு அது சரி. எக்செலில் அந்த எண்கள் வரும் பத்தியை (column) எண்ணாக இல்லாமல் எழுத்தாக (text) வைத்து இறக்கினால் தீர்ந்துவிடும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

நிலத்தை நடந்து பதிய இதைவிட நல்ல ஆப் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் இந்த வருஷம் போடாதீங்க. நானும் புதுப்பிக்கவில்லை. நவம்பரில் பழம் எடுக்க ஆரம்பிப்பதற்குள் அந்தப் பூஜ்ஜியம் ஒழுங்காக வந்தால் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்.