‘சீட்டைப் பிடித்துவைக்கிறோம்’ என்று அழைப்பவர்களிடம் அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் மே மாதத்துக்கும், பொறியியல் கலந்தாய்வில் இடம் ஒதுக்கப்படும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கும் நடுவே பெற்றோர் தவித்துக் காத்திருக்கும் வாரங்களைக் குறிவைத்தே தொழில் நடத்துகிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கல்வி ஆலோசனை மையம் என்ற பெயர்ப்பலகையோடு இயங்கும் அப்படிப்பட்ட ஓரிடத்தில் என் அண்ணன் குடும்பம் கடந்த ஆண்டு நாற்பதாயிரம் ரூபாயைப் பறிகொடுத்தது. அவருடைய மகன் தன் தகுதியால் பெற்ற அரசு ஒதுக்கீட்டு இடத்தையும் இழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டான். புகார் விசாரணையில் இருப்பதால் அந்த மையத்தின் பெயரையோ கல்லூரியின் பெயரையோ இங்கே எழுதவில்லை. அவர்கள் எப்படிப் பேசினார்கள், எதைச் சொன்னார்கள், எதை மறைத்தார்கள் என்பதை மட்டும் முழுமையாக எழுதுகிறேன், ஏனென்றால் பெயர்ப்பலகை ஊருக்கு ஊர் மாறினாலும் பேச்சு ஒன்றாகத்தான் இருக்கிறது என்று பிறகு விசாரித்தபோது தெரிந்தது.

என் அண்ணன் மகன் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவன். கணிதத்தில் 88, இயற்பியலில் 80, வேதியியலில் 84 மதிப்பெண் எடுத்திருந்தான். கணித மதிப்பெண்ணை முழுமையாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் கணக்கிட்டால் இருநூறுக்கு 170 கட்-ஆஃப் வரும். விண்ணப்பம் பதிவுசெய்து, சான்றிதழ்களைப் பதிவேற்றி, ஒரே மதிப்பெண் பெற்றவர்களை வரிசைப்படுத்த உதவும் ரேண்டம் எண்ணும் வந்துவிட்டது. தரவரிசைப் பட்டியல் மட்டும் வெளியாகவில்லை. அந்த இடைவெளியில்தான் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. அழைத்த பெண்ணுக்குப் பையனின் பெயர், பள்ளி, மதிப்பெண் எல்லாமே தெரிந்திருந்தன. அந்த விவரங்கள் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தன என்பதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் அண்ணன், ஏதோ அரசு அலுவலகத்திலிருந்து பேசுகிறார்கள் என்றே நினைத்தார். அப்படி நினைக்க வைப்பதுதான் அவர்களுடைய நோக்கமும்.

நேரில் வரச் சொன்னார்கள். மையத்தில் இருந்தவர் மிகுந்த மரியாதையோடு பேசினார். “சார், 170க்குக் கவுன்சிலிங்கில் நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸும் வராது, ஈ.சி.ஈ.யும் வராது, ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு பிரிவு வரும், அதற்குள் மேனேஜ்மென்ட் இடங்களும் தீர்ந்துவிடும், அப்போது இங்கே வந்து நின்றால் என்னால் எதுவும் செய்ய முடியாது” என்றார். நாற்பதாயிரம் ரூபாய் முன்பணமாகக் கட்டினால் ஒரு தனியார் கல்லூரியில் இடத்தைப் பிடித்துவைப்பதாகவும், கலந்தாய்வில் அதைவிட நல்ல இடம் கிடைத்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகவும் சொன்னார். சரிபார்ப்பதற்காக என்று சொல்லி அசல் மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டார். பணம் கல்லூரியின் கணக்குக்குப் போகவில்லை. ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் போனது. பணத்துக்கு ரசீதாகக் கொடுத்த சீட்டில் கல்லூரியின் முத்திரை இல்லை, ‘சேவைக் கட்டணம்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்த மனிதர் சொன்னவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதி உண்மையோடு பாதிப் பொய்யைக் கலந்து கொடுப்பதில்தான் இவர்களின் முழுத் திறமையும் இருக்கிறது. கலந்தாய்வில் என்ன கிடைக்கும் என்பது தரவரிசைப் பட்டியல் வருவதற்கு முன்பு யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பது உண்மை. ஆனால் முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எந்தக் கட்-ஆஃப் வரை இடம் கிடைத்தது என்ற விவரம் பொறியியல் சேர்க்கைக்கான இணையதளத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. பிற்படுத்தப்பட்ட வகுப்புக்கான பட்டியலை அதில் நிதானமாகப் பார்த்திருந்தால், 170 மதிப்பெண்ணுக்கு மதிப்புள்ள தன்னாட்சிக் கல்லூரிகளில் ஈ.சி.ஈ. (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) கிடைத்திருப்பது கண்ணில் பட்டிருக்கும். அந்த மையத்தின் மேசையிலும் அதே பட்டியல்தான் அச்சிட்டு வைக்கப்பட்டிருந்தது. பொதுப் பிரிவுக்கான பக்கத்தை மட்டும் அண்ணனிடம் காட்டியிருக்கிறார்கள்.

மேனேஜ்மென்ட் இடங்கள் தீர்ந்துவிடும் என்பது அடுத்த அச்சுறுத்தல். சிறுபான்மை அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு இடங்களையும் அரசின் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. மீதி இடங்கள் நிர்வாக ஒதுக்கீடு. பெயர்பெற்ற சில கல்லூரிகளில், அதிகம் பேர் கேட்கும் ஓரிரு பிரிவுகளில், அவை சீக்கிரம் நிரம்பும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அண்ணனுக்குக் காட்டப்பட்ட கல்லூரி அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. கலந்தாய்வின் எல்லாச் சுற்றுகளும் முடிந்த பிறகும் அங்கே இடங்கள் காலியாகவே இருந்தன. அதோடு, அவர் சொன்ன கல்லூரியின் பெயர் அதே ஊர்ப் பக்கம் உள்ள நல்ல கல்லூரி ஒன்றின் பெயரைப் போலவே ஒலிக்கும் என்பதால், அண்ணன் அந்த நல்ல கல்லூரி என்றே எண்ணியிருந்தார். கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக் குறியீட்டு எண் இருப்பது இதற்காகத்தான். யார் எந்தக் கல்லூரியைப் பரிந்துரைத்தாலும் முதலில் அதன் குறியீட்டு எண்ணைக் கேளுங்கள். அதை வைத்து, அண்ணா பல்கலைக்கழக இணைப்பும், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் அனுமதியும், குறிப்பிட்ட அந்தப் பாடப்பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரமும் இருக்கின்றனவா என்று நீங்களே சரிபார்க்கலாம்.

அவர்கள் வாய் திறக்காமல் மறைத்த செய்தி ஒன்று இருக்கிறது. அண்ணன் வீட்டில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் இவன்தான். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்திருந்தோம். அந்தக் கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே உரியது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் கலந்தாய்வுக்குள்தான் இருக்கிறது. கட்டணச் சலுகையைப் பற்றி அண்ணன் கேட்டபோது, “எல்லாம் வாங்கித் தந்துவிடலாம் சார்” என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. நான்கு ஆண்டுக்குக் குடும்பம் சுமக்க வேண்டிய கூடுதல் செலவை ஒற்றை வரியில் கடந்துபோன இந்தப் பொய்யைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இரண்டாம் சுற்றில் பையனுக்கு நல்லதொரு தன்னாட்சிக் கல்லூரியில் ஈ.சி.ஈ. ஒதுக்கப்பட்டது. வீட்டில் இருந்த மகிழ்ச்சி மறுநாள் காலை வரைகூட நீடிக்கவில்லை. ஒதுக்கீட்டை ஏற்றுச் சேர்வதாக உறுதிசெய்தவர்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் அந்தக் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் செலுத்திச் சேர்ந்துவிட வேண்டும். சேராவிட்டால் அந்த இடம், தன் விருப்பப் பட்டியலில் மேலே உள்ள இடத்துக்குக் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும். 2022 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. சேர்வதற்கு மாற்றுச் சான்றிதழின் அசல் வேண்டும். மையத்துக்குப் போனால், சான்றிதழ்கள் தாங்கள் இடம் பிடித்துவைத்த தனியார் கல்லூரிக்கு அனுப்பப்பட்டுவிட்டன என்றார்கள். அந்தத் தனியார் கல்லூரிக்குப் போனால், மாணவர் சேர்ந்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது, முதலாண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் சான்றிதழைத் தருவோம் என்றார்கள். அண்ணனின் கையெழுத்தோடு ஒரு சேர்க்கைப் படிவத்தையும் காட்டினார்கள். சரிபார்ப்புப் படிவம் என்று சொல்லி மையத்தில் வாங்கிய கையெழுத்து அது. முன்பணம் பற்றிக் கேட்டபோது, தங்களுக்கு எந்த முகவரும் கிடையாது, அந்தப் பணம் தங்களிடம் வரவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். முகவரே இல்லாத கல்லூரியின் அலமாரிக்குள் முகவரிடம் கொடுத்த சான்றிதழ் எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்கு அங்கே ஒருவரிடமும் பதில் இல்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மாணவர் சேர்க்கையை விலக்கிக்கொண்டால் கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் தொடர்ந்து அறிவுறுத்திவருகிறது. வகுப்பு தொடங்குவதற்கு முன்பு விலகினால் 1,000 ரூபாய்க்கு மிகாத நடைமுறைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதி முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதன் விதி. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையும், சான்றிதழைச் சரிபார்த்தவுடன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நகல்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. நன்கொடை என்ற பெயரில் பணம் வாங்குவதைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992 முதலே இருக்கிறது. இந்த விதிகளையெல்லாம் சுட்டிக்காட்டி, பையனின் பெயரில் அந்தக் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினோம். சேர்க்கையை விலக்கிக்கொள்வதாகவும், சான்றிதழ்களை உடனே தர வேண்டும் என்றும் அதில் கேட்டு, சென்னை கிண்டியில் உள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் நகல் அனுப்புவதாகக் கடிதத்தின் அடியிலேயே குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மின்னஞ்சலிலும் அனுப்பினோம். அதோடு காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு ஏற்பு ரசீதை வாங்கிக்கொண்டோம். அந்த ரசீதின் நகலோடு மறுபடி போய் நின்ற பிறகே சான்றிதழ்கள் வெளியே வந்தன. கெடு முடியும் தறுவாயில் பையன் சேர்ந்தான். அந்த நாட்களில் அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. பையன் யாரோடும் பேசவில்லை.

மாற்று ஏற்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு முடிவை நம்பி உட்கார்ந்திருக்க எந்தப் பெற்றோராலும் முடியாது. ஆனால் நல்ல மாற்று ஏற்பாடு பெரும்பாலும் கலந்தாய்வுக்குள்ளேயே இருக்கிறது என்பதை யாரும் அழைத்துச் சொல்வதில்லை. விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் சேர்க்கலாம்; ஆசைப்படும் இடங்களை மேலேயும், கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை நடுவிலும், கிடைத்தால் போதும் என்று மனம் ஒப்பும் இடங்களைக் கீழேயும் நீளமாக வரிசைப்படுத்துவதே முதல் பாதுகாப்பு. ஒதுக்கீடு வந்த பிறகு ‘அக்செப்ட் அண்ட் அப்வேர்டு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், கையில் உள்ள இடத்தை விடாமலேயே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். அப்படித் தேர்ந்தெடுப்பவர்கள் கலந்தாய்வுக்கான உதவி மையத்தில் கட்டணம் செலுத்த வேண்டும். என்.ஐ.டி., ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஜோசா கலந்தாய்விலும் ‘ஃப்ளோட்’, ‘ஸ்லைடு’ என்று இதே வசதி இருக்கிறது. கலந்தாய்வுக்கு வெளியே பார்த்தால், அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே விண்ணப்பித்துவைக்கலாம். பாலிடெக்னிக்கில் பட்டயம் முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டுப் பொறியியலில் சேரும் வழியை ஏன் பலரும் தாழ்வாகப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கைத்தொழில் அறிவோடு வருகிற அந்தப் பிள்ளைகள் பலர் நன்றாகவே வந்திருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் நிலை சற்று வேறு. அவற்றின் நுழைவுத் தேர்வுகள் முன்னதாகவே நடந்து, பணம் கட்ட வேண்டிய கெடு அரசுக் கலந்தாய்வுக்கு முன்பே வந்துவிடும். அங்கே உண்மையிலேயே படிக்க விருப்பம் இருந்தால் கட்டலாம். ஆனால் நிறுவனத்தின் சொந்த இணையதளம் வழியாக, நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2018 அறிவிக்கையின்படி, சேர்க்கைக்காக அறிவிக்கப்பட்ட கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் 100 விழுக்காடும், அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் விலகினால் 90 விழுக்காடும் திரும்ப வேண்டும். கடைசித் தேதி கடந்து 15 நாட்களுக்குள் என்றால் 80 விழுக்காடு, 30 நாட்களுக்குள் என்றால் 50 விழுக்காடு, அதன் பிறகு ஒன்றுமில்லை. முழுத் தொகை திரும்பும் நிலையில் மட்டும் 5 விழுக்காடு வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய், கழித்துக்கொள்ளலாம். சில ஆண்டுகளில் மானியக் குழு இதைவிடச் சாதகமான தேதிகளைத் தனியே அறிவித்திருக்கிறது; 2024-25ஆம் கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரச் சொன்னது. எனவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மறுத்தால் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியலாம்.

இந்த விதிகள் எல்லாம் கல்லூரி வாங்கிய பணத்துக்குத்தான் பொருந்தும் என்பது அந்த மையத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சீட்டில் ‘சேவைக் கட்டணம்’ என்று எழுதியதும், தனிநபர் எண்ணுக்குப் பணம் வாங்கியதும் அதனால்தான். அண்ணனின் நாற்பதாயிரத்தில் ஒரு ரூபாய்கூட இன்னும் திரும்பவில்லை. பணம் அனுப்பிய ஜிபே பதிவு, அந்தச் சீட்டு, அழைப்புகள் வந்த எண்கள், முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி ஆகியவற்றைக் காவல்துறையிடம் கொடுத்திருக்கிறோம். அதே காவல் நிலையத்தில் அந்த மையத்தின் மீது இன்னும் இரண்டு குடும்பங்கள் மனு கொடுத்திருப்பதாக ஆய்வாளர் சொன்னார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சீட்டு இருந்தால், தொகை சிறிது என்று விட்டுவிடாமல், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் பத்திரப்படுத்தி, இந்தச் சேர்க்கைப் பருவம் முடிவதற்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.