கல்யாண ரவிக்கைக்கு ஜர்தோசியா, சரிகை நூல் ஆரியா?

தங்கை கல்யாணத்துக்காக இரண்டு பட்டு ரவிக்கைகள் தைத்துக்கொண்டேன். முகூர்த்தத்துக்கு ஜர்தோசி, வரவேற்புக்குச் சரிகை நூலில் ஆரி, அதாவது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி. நான்கு வருடமாகிறது. இன்று யார் கேட்டாலும் இரண்டாவதைத்தான் கைகாட்டுவேன்.

முதலில் பெயர்க் குழப்பம். ஜர்தோசி என்றால் பாரசீகத்தில் பொன் தையல். வடக்கே துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிச் செய்யும் மொத்த வேலைக்கும் அதுதான் பெயர். லக்னோ ஜர்தோசிக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஊர் ஆரிக்காரர்களிடம் கேட்டால், பாக்கெட்டில் வரும் சுருள் கம்பியைத்தான் ஜர்தோசி என்பார்கள். குட்டி ஸ்பிரிங் மாதிரி இருக்கும். வேண்டிய நீளத்துக்குக் கத்தரித்து, உள்ளே நூல் விட்டு, மணி போலத் தைப்பார்கள். சரிகை நூல் ஆரியில், கொக்கி ஊசி துணிக்கு அடியில் இருக்கும் நூலை மேலே இழுத்துச் சங்கிலித் தையலாகப் போட்டுக்கொண்டே போகும்.

பார்வைக்கு ஜர்தோசிதான் ஒரு படி மேல். புடைத்து நிற்கும், போட்டோவில் அள்ளும். கூலியும் அதற்கேற்றபடி. சரி, அது தெரிந்ததுதான்.

என் மனதை மாற்றியது பராமரிப்பு. முகூர்த்தத்தன்று மதியத்துக்குள், இடது தோளில் இருந்த கம்பி முந்தானை மடிப்பில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். கம்பி நீண்டது நீண்டதுதான், பழைய சுருளுக்குத் திரும்பவில்லை. புடவையிலும் இரண்டு இழை கிளம்பிவிட்டது. ரவிக்கை போனாலும் பரவாயில்லை, பட்டுப்புடவையை யார் திருப்பித் தருவது? மறுவருடம் எடுத்துப் பார்த்தால், பூச்சரத்தின் ஈரம் பட்ட பின்கழுத்தில் கறுத்திருந்தது. அக்குளுக்குப் பக்கத்திலும் அப்படியே. முலாம் பூசிய செம்புக்கு வியர்வை ஆகாது. பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விடலாம் என்றால், மெஷின் ஊசி கம்பியில் பட்டு ஒடிகிறது என்று தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆரி ரவிக்கை இதுவரை ஆறேழு விசேஷம் பார்த்துவிட்டது. பாலியஸ்டர் சரிகை என்பதால் கறுக்கவில்லை. சூடான இஸ்திரிப் பெட்டிதான் அதற்கு எமன். உட்புறம் திருப்பி, மேலே துணி போட்டு, இளஞ்சூட்டில் தேய்க்கிறேன். குறை இல்லாமல் இல்லை. சங்கிலித் தையலில் முனை முடிச்சு அவிழ்ந்தால் சரசரவென்று ஒரு கொடியே உருவிக்கொண்டு வந்துவிடும். வாங்கும்போதே பின்பக்கம் திருப்பி, ஒவ்வொரு முடிச்சையும் நகத்தால் நெருடிப் பாருங்கள்.

அசல் வெள்ளிக் கம்பியில் செய்த பழைய ஜர்தோசியை நான் உடுத்தியதில்லை. நான் சொல்வதெல்லாம் இப்போது கடையில் கிடைக்கும் கம்பிக்குத்தான். வருடத்துக்கு ஒருமுறை போடும் லெஹங்காவுக்கு அது பொருந்தலாம்.

அடுத்த ரவிக்கைக்குத் துணி கொடுத்தாயிற்று. முழுக்கச் சரிகை நூல். ஆசை விடவில்லை, முந்தானை உரசாத வலது கையின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஒரு மாங்காய் ஜர்தோசியில் கேட்டிருக்கிறேன். "ஒரு கையில மட்டுமாக்கா?" என்று ஆரி போடும் பெண் சிரித்தாள்.